தூரத்தை அளப்பது யார்?

இந்த இதழின் தலையங்கம் ஒரு ஓட்டப்பந்தயத்தைப் பற்றியது. கையெழுத்துப் பிரதியைப் பார்த்த மாணவத் தோழர் ஒருவர் உடனே கேட்டுவிட்டார்: "ஏன் தோழர், எழுத வேற பிரச்சினையே இல்லையா? எவளோ ஒருத்தி எங்கேயோ நாலு கிலோமீட்டர் ஓடுனதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 'எவளோ ஒருத்தி' இருக்கிறதே, அங்கிருந்துதான் நாம் தொடங்க வேண்டியிருக்கிறது. அவர் பெயர் எடித் மசாய். கென்யப் பெண். சிறைத்துறையில் வேலை பார்த்தவர். ஒரு பிள்ளைக்குத் தாய். உலக கிராஸ் கன்ட்ரி ஓட்டப் போட்டியில் பெண்களுக்கான குறுந்தூரப் பந்தயத்தை 2002, 2003, 2004 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றவர். அந்தப் பந்தயம் இருந்த காலம் முழுவதிலும் வேறு எந்தப் பெண்ணும் அதை இரண்டாவது முறை வென்றதில்லை. அதே மூன்று ஆண்டுகளில் அதே மைதானங்களில் ஆண்களுக்கான குறுந்தூரத்தையும் நெடுந்தூரத்தையும் வென்றவர் எத்தியோப்பியாவின் கெனெனிசா பெகெலே. அவர் பெயர் விளையாட்டுச் செய்தி படிக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். இவர் நமக்கு 'எவளோ ஒருத்தி'. கெனெனிசா மீது நமக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவரும் ஏழை நாட்டுப் பிள்ளைதான். ஆனால் ஒரே மண்ணில், ஒரே தூரம் ஓடிய இரண்டு பேரில் ஒருவர் பெயர் நிற்கிறது, இன்னொருவர் பெயர் அழிகிறது என்றால் அது தற்செயல் இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் மொழியில் 'தூரம்' என்ற சொல்லுக்கு வெறும் கிலோமீட்டர் மட்டும் அர்த்தமில்லை. மாதவிலக்கான பெண்ணை 'தூரமாயிட்டா' என்று சொல்லித் திண்ணையிலும் கொல்லையிலும் உட்கார வைத்த மொழி இது. 'எட்ட நில்லு, தூரப் போ' என்று ஆளுக்கு ஆள் அடி அளந்து வைத்த மொழியும் இதுதான். யார் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், யார் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை ஒருவன் அளந்து கொடுக்க, இன்னொருவர் அதற்குள் அடங்கி வாழ வேண்டும் என்பது நமக்குப் புதுச் சங்கதி இல்லை. ஆகவே தூரம் பற்றிய எந்தச் சண்டையும் நமக்கு அந்நியமில்லை.

இனி பந்தயத்துக்கு வருவோம்.

கிராஸ் கன்ட்ரி என்பது வட்டமான ஓடுபாதையில் கோடு கிழித்து ஓடுகிற ஓட்டம் அல்ல. சேறு, மேடு, பள்ளம், புல்வெளி எல்லாம் தாண்டி, மொத்தக் கூட்டமும் ஒரே கோட்டில் நின்று ஒன்றாய்ப் புறப்படும். தனி ஆளுக்கும் பதக்கம் உண்டு, அணிக்கும் உண்டு. அணிக் கணக்கு எப்படியென்றால், ஒரு நாட்டின் பெண்களில் முதலில் வந்து சேரும் நான்கு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். எந்த நாட்டுக்குக் கூட்டுத்தொகை குறைவோ அது ஜெயிக்கும். முதலில் வந்தவள் மட்டும் வேகமாய் வந்து புண்ணியமில்லை. நான்காவதாய் வருகிறவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தாக வேண்டும். இயக்கம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

இந்த உலகப் போட்டியில் 1998ல் ஒரு மாற்றம் வந்தது. பழைய நெடுந்தூரப் பந்தயத்தோடு சுமார் 4 கிலோமீட்டர் குறுந்தூரப் பந்தயம் ஒன்றையும் சேர்த்தார்கள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. 1998லிருந்து 2006 வரை ஒன்பது முறை அது நடந்தது. முதல் முறை மொராக்கோவின் மராக்கெஷில் அயர்லாந்தின் சோனியா ஓ'சலிவன் முதல் நாள் நெடுந்தூரத்தையும் மறுநாள் குறுந்தூரத்தையும் வென்றார். அதற்குப் பிறகு எட்டு முறையும் ஆப்பிரிக்கப் பெண்கள்தான். 1999ல் கென்யாவின் ஜாக்லின் மராங்கா. 2000ல் எத்தியோப்பியாவின் குத்ரே துலேச்சா. 2001ல் கெத்தே வாமி. பிறகு மூன்று ஆண்டுகள் எடித் மசாய். 2005ல் 19 வயது திருனேஷ் திபாபா. அவரும் இரண்டு பந்தயங்களையும் வென்றார். 2006ல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் கெலெத்தே புர்கா. கென்யாவுக்கு நான்கு, எத்தியோப்பியாவுக்கு நான்கு.

2006க்குப் பிறகு? பந்தயமே இல்லை. எடுத்துவிட்டார்கள்.

இந்த ஒன்பது ஆண்டுகளைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் இந்த ஓட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். இது இங்கிலாந்துச் சீமான் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு. 19ஆம் நூற்றாண்டில் ரக்பி, ஷ்ரூஸ்பரி மாதிரியான பணக்காரப் பள்ளிகளில், அப்பன்மார் குதிரையேறி வேட்டையாடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் ஓடி விளையாடிய வேட்டை இது. இரண்டு பேர் முயல், மற்றவரெல்லாம் வேட்டைநாய். முயல் காகிதத் துண்டுகளை இறைத்துக்கொண்டே ஓடும், நாய்கள் துரத்தும். 1868ல் லண்டனில் தொடங்கிய சங்கத்தின் பெயரே 'தேம்ஸ் முயலும் வேட்டைநாயும்' என்பதுதான். வேட்டையாடப் பொழுதும் காடும் யாரிடம் இருந்தன? நிலம் வைத்திருந்தவனிடம். 1903ல் ஸ்காட்லாந்தின் ஹாமில்டனில் முதல் சர்வதேசப் போட்டி நடந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆண்கள் மட்டும் ஓடினார்கள். அந்தப் போட்டியில் பெண்களுக்கென்று ஒரு பந்தயம் வர 1967 ஆனது. வேல்ஸின் பாரி நகரில் அதை வென்றவர் அமெரிக்காவின் டோரிஸ் பிரவுன். ஆக, 64 வருஷம் பெண்களுக்குக் கொடுத்த தூரம் பூஜ்யம்.

ஏன் இவ்வளவு காலம்? 'பொம்பளை உடம்பு தாங்காது' என்றார்கள். அந்த வாதத்தின் லட்சணத்தை இரண்டு ஒலிம்பிக் சம்பவங்களை வைத்துப் பார்ப்போம்.

1924, பாரிஸ் ஒலிம்பிக். ஆண்களுக்கான கிராஸ் கன்ட்ரி. கொளுத்துகிற வெயில். 38 ஆண்கள் புறப்பட்டார்கள், முடித்தவர்கள் 15 பேர். மற்றவர்கள் வழியில் நின்றார்கள், விழுந்தார்கள். அதோடு ஒலிம்பிக்கிலிருந்து கிராஸ் கன்ட்ரியை எடுத்துவிட்டார்கள். ஆனால் யாராவது 'ஆண் உடம்பு தாங்காது' என்று சொன்னார்களா? ஆண்களின் பத்தாயிரம் மீட்டரை எடுத்தார்களா? மாரத்தானை எடுத்தார்களா? இல்லை. குற்றம் வெயில் மேல் போயிற்று.

1928, ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். பெண்களுக்கு முதன்முறையாக 800 மீட்டர். இறுதிப் பந்தயத்தில் ஒன்பது பெண்கள் ஓடினார்கள். ஒன்பது பேரும் முடித்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 நொடியில் உலக சாதனை செய்தார். ஓடி முடித்த களைப்பில் சிலர் புல்லில் சாய்ந்தார்கள். அவ்வளவுதான். பத்திரிகைகள் என்ன எழுதின? பெண்கள் பாதியில் சுருண்டு விழுந்தார்கள், பார்க்கவே பரிதாபம், மருத்துவ அபாயம் என்று எழுதின. விளைவு, 1960 ரோம் ஒலிம்பிக் வரை 32 ஆண்டுகளுக்குப் பெண்களுக்கு 800 மீட்டர் கிடையாது.

ஆண் விழுந்தால் வெயில். பெண் சாய்ந்தால் உடம்பு. இதுதான் அய்யா அந்த 'விஞ்ஞானம்'. முடிவை முதலில் எழுதி வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு உடம்பைப் பரிசோதிக்கிற விஞ்ஞானம். 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் பள்ளிக்கூடக் கதவைச் சாத்தியவர்களிடம் நாம் பார்த்த அதே விஞ்ஞானம்.

இப்படி இழுத்துப் பிடித்த கயிற்றைப் பெண்கள் ஒவ்வொரு அடியாகத்தான் விடுவித்தார்கள். ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் கிடைத்தது 1972ல். மாரத்தான் 1984ல். பத்தாயிரம் மீட்டர் 1988ல். அய்யாயிரம் 1996ல். தடையோட்டமான ஸ்டீபிள்சேஸ் 2008ல். கிராஸ் கன்ட்ரி 1973ல் உலக அமைப்பின் கைக்கு வந்தபோது பெல்ஜியத்தின் வாரெகெமில் ஆண்கள் ஓடியது சுமார் 12 கிலோமீட்டர், பெண்கள் ஓடியது சுமார் 4. மூன்றில் ஒரு பங்கு. கூலியில் பார்த்திருக்கிறோம், பங்கில் பார்த்திருக்கிறோம், இங்கே தூரத்திலும் அதே கணக்கு.

இந்த இடத்தில்தான் 1998ன் குறுந்தூரப் பந்தயம் முக்கியமாகிறது. அந்த ஆண்டு நெடுந்தூரத்தில் ஆண்களுக்குச் சுமார் 12, பெண்களுக்குச் சுமார் 8. ஆனால் குறுந்தூரத்தில் இரண்டு பேருக்கும் 4. அந்தப் போட்டியில் முதன்முறையாக ஆணும் பெண்ணும் ஒரே அளவு மண்ணை மிதித்தார்கள்.

யாரும் சமத்துவத்தை நினைத்து அதைச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1500 மீட்டர் ஓடுகிற நட்சத்திரங்களையும் இழுத்து வந்து இரண்டு நாள் விழாவாக நடத்தலாம் என்பதுதான் திட்டம். சமத்துவம் வாசல் வழியாக வரவில்லை, சந்து வழியாக வந்தது. ஆனாலும் வந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். 1973ல் பெண்ணுக்கு 'இதுவே முழுப் பந்தயம், இதற்கு மேல் உன்னால் ஆகாது' என்று அளந்து கொடுத்த அதே 4 கிலோமீட்டர், ஆணும் ஓட வந்தவுடன் 'குறுந்தூரம்' என்று பெயர் பெற்றது. தூரம் மாறவில்லை. ஓடுகிற ஆள் மாறியதும் பெயர் மாறிவிட்டது.

அந்த 4 கிலோமீட்டரை ஓடிய பெண்களைப் பார்ப்போம். 2001ல் வென்ற கெத்தே வாமியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுப் போட்டி டப்ளினில் நடக்க வேண்டியது. கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியதால் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டுக்கு மாற்றினார்கள். ஒரே சேறு. முதல் நாள் நெடுந்தூரத்தில் பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப் கெத்தே வாமியை முந்தினார். மறுநாள் குறுந்தூரத்தில் கெத்தே வாமி பவுலாவை முந்தினார். மூன்றாவதாக வந்தவர் நம் எடித் மசாய்.

ஆனால் கெத்தே வாமியின் பெயரை நாம் ஞாபகம் வைக்க வேண்டியது அதற்கு அய்ந்து வருஷம் முந்தி நடந்த ஒன்றுக்காக. 1996ல் உலக கிராஸ் கன்ட்ரி போட்டி தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷில் நடந்தது. அது எந்த ஊர் தெரியுமா? நிறவெறிச் சட்டங்களின் சிற்பி என்று சொல்லப்படுகிற ஃபெர்வூர்ட் பேராசிரியராக இருந்த பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். கறுப்பர் எங்கே வாழலாம், எந்தப் பெஞ்சில் உட்காரலாம், எந்த வாசலில் நுழையலாம் என்று தூரம் அளந்து கொடுத்த ஆட்சிக்கு மூளையாக இருந்த மனிதர் பாடம் நடத்திய ஊர். அந்த ஊர் மண்ணில் எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்து கோட்டைத் தொட்டவர் எத்தியோப்பியக் கறுப்புப் பெண் கெத்தே வாமி. அதற்கு எந்தத் தலைவரும் முழக்கம் எழுதிக் கொடுக்கவில்லை. கால்களே முழக்கமாயின.

அதற்கும் பத்து வருஷம் முன்னால் இதே போட்டியில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1985லும் 1986லும் பெண்கள் பட்டத்தை வென்றவர் ஜோலா பட். தென்னாப்பிரிக்க வெள்ளைப் பெண். நிறவெறிக்காக அந்த நாட்டை உலகத் தடகள அமைப்பு 1976ல் வெளியேற்றியிருந்தது. அப்படியென்றால் இவர் எப்படி ஓடினார்? தாத்தா பிரிட்டிஷ்காரர் என்று காட்டி, ஒரு லண்டன் பத்திரிகை முன்னின்று வேலை செய்ய, 1984ல் சில வாரங்களில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அப்போது அவருக்கு 17 வயது. அந்தச் சிறுபெண் மீது நமக்குக் கோபமில்லை. கேள்வி வேறு. அதே நாட்டில் அதே வயதில் ஓடத் தெரிந்த கறுப்புப் பெண் ஒருத்திக்கு எந்தத் தாத்தா வருவார்? எந்தப் பத்திரிகை வரும்?

ஜோலா பட் வெறுங்காலோடு ஓடுவார். அதை உலகமே அழகு என்று எழுதியது. மண்ணோடு உறவு, இயற்கையின் குழந்தை என்றெல்லாம் எழுதியது. செருப்பு வாங்க வழியில்லாமல் வெறுங்காலோடு நடக்கிற கறுப்புப் பிள்ளையை யாரும் அப்படி எழுதவில்லை. வெள்ளைக் கால் வெறுங்காலானால் கவிதை, கறுப்புக் கால் வெறுங்காலானால் வறுமை. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடக்க வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளான நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இவை இரண்டுக்கும் நடுவில் 1992, பார்சிலோனா. பத்தாயிரம் மீட்டரில் எத்தியோப்பியாவின் தெரார்து துலு தங்கம் வென்றார். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பு ஆப்பிரிக்கப் பெண் அவர்தான். இரண்டாவதாக வந்தவர் தென்னாப்பிரிக்காவின் வெள்ளைப் பெண் எலானா மேயர். அந்த நாடு அப்போதுதான் தடை நீங்கி உள்ளே வந்திருந்தது. இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அந்தக் காட்சியைக் காட்டி 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று சொன்னவர்களை நாம் நம்பவில்லை. ஆனால் யார் முன்னால் வந்தார் என்பதை மறக்கவும் இல்லை.

இந்தப் பெண்கள் ஜெயிக்கத் தொடங்கியதும் என்ன பேச்சு கிளம்பியது? 'அவங்களுக்கு அது இயற்கை', 'ரத்தத்துலயே இருக்கு', 'மலை மேல பொறந்தவங்க', 'ஜீன்'. கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும். நன்றாகக் கேளுங்கள், பாராட்டு இல்லை. உழைப்பைக் களவாடுகிற பேச்சு. அய்ரோப்பியன் ஜெயித்தால் பயிற்சி, ஒழுக்கம், அறிவு. ஆப்பிரிக்கப் பெண் ஜெயித்தால் பிறவி. 'அவனுக்கு வெயில் உறைக்காது, மூட்டை தூக்கிப் பழகின உடம்பு' என்று வயல்வெளியில் சொல்கிற ஆண்டையின் பேச்சுதான் இது, கோட்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. தோற்றால் 'தகுதி இல்லை', ஜெயித்தால் 'இயற்கை'. இரண்டிலும் நம் உழைப்புக்கு இடமில்லை.

உண்மை என்ன? எத்தியோப்பியாவின் ஆர்சி பகுதியில் பெகோஜி என்று ஒரு சின்ன ஊர். தெரார்து துலு, திருனேஷ் திபாபா, கெனெனிசா பெகெலே மூன்று பேரும் அந்த ஊர்ப்பக்கம்தான். உயரமான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே உயரத்தில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. பெகோஜியில் மட்டும் என்ன? சென்டாயெஹு எஷெட்டு என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். விடிகாலையில் பிள்ளைகளைத் திரட்டி ஓட வைத்தார். மாடு மேய்த்த பெண் பிள்ளைகளையும் ஓட வைத்தார். ஒருத்தி ஜெயித்து வந்ததும் 'அவ ஓடுனா நானும் ஓடுவேன்' என்று அடுத்தவள் கிளம்பினாள். இதில் ஜீன் எங்கே இருக்கிறது? ஒரு வாத்தியார், ஒரு திடல், முன்னால் போன ஒரு பெண். இந்த மூன்றும் இருந்தால் எந்தச் சேரியிலும் இது நடக்கும். இந்த மூன்றும் இல்லாமல் பார்த்துக்கொள்வதில்தான் ஆதிக்கத்தின் சாமர்த்தியம் இருக்கிறது.

எடித் மசாய் முதல் முறை வென்றபோது அவருக்கு 34 வயது முடியப் போகிறது. மூன்றாவது முறை வென்றபோது 36. மற்றவர்கள் 'போதும்' என்று நிறுத்துகிற வயதில் அவர் தொடங்கினார். சிறைத்துறை வேலை, பிள்ளை வளர்ப்பு, இதற்கு நடுவில் தினசரி ஓட்டம். இதை 'இயற்கை' என்று சொல்லுகிறவன் ஒரு நாள் காலையில் எழுந்து ஓடிப் பார்க்கட்டும்.

சரி, இப்படிப்பட்ட பந்தயத்தை ஏன் எடுத்தார்கள்? இரண்டு நாள் விழாவை ஒரு நாளாகச் சுருக்கினார்கள். 2007ல் போட்டி நடந்த இடம் கென்யாவின் மொம்பாசா. ஒன்பதில் எட்டை வென்ற பெண்களின் கண்டத்துக்கு, எடித் மசாயின் சொந்த நாட்டுக்குப் போட்டி வந்து சேர்ந்தபோது அந்தப் பந்தயம் இல்லை. இதைச் சதி என்று நாம் சொல்லவில்லை. ஆண்களின் குறுந்தூரத்தையும் சேர்த்துத்தான் எடுத்தார்கள். 'இரண்டு பேருக்கும் சமமாத்தானே எடுத்தோம்' என்று அவர்கள் சொல்லலாம்.

தோழர்களே, இங்கேதான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். சமமாக எடுத்ததற்குப் பிறகு மிச்சம் என்ன? ஆணுக்கு 12, பெண்ணுக்கு 8. சமமாக இருந்த ஒன்றை 'சமமாக' நீக்கியதால் சமமில்லாதது மட்டும் மிஞ்சியது. 2007லிருந்து 2015 வரை ஏழு போட்டிகள் அப்படியே நடந்தன. அந்த 8 கிலோமீட்டர் யாருக்குக் கொடுத்த தூரம் தெரியுமா? 20 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்களுக்கும் அதே 8தான். உலகையே வென்ற வளர்ந்த பெண்ணும் மீசை அரும்புகிற பையனும் ஒரே தட்டில். 'எல்லாருக்கும் ஒரே சட்டம்' என்று யாராவது சொல்லும்போது, அந்தச் சட்டத்துக்குப் பிறகு யார் கையில் என்ன மிஞ்சுகிறது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

2017ல் உகாண்டாவின் கம்பாலாவில்தான் அந்தக் கணக்கு மாறியது. ஆண்களுக்கும் 10, பெண்களுக்கும் 10. 1973ல் தொடங்கி 44 வருஷம். யாருடைய உடம்பும் உடைந்து போகவில்லை. 2023ல் பாதர்ஸ்டிலும் 2024ல் பெல்கிரேடிலும் அந்தப் பத்தையும் ஓடி வென்றவர் கென்யாவின் பீட்ரிஸ் செபெட். 1928ல் எழுதின பத்திரிகைக்காரன் உயிரோடிருந்தால் கூட்டி வந்து காட்டலாம்.

இந்தக் கேள்வியின் வேர் எங்கே இருக்கிறது? அளக்கிறவர் யார் என்பதில் இருக்கிறது. உலகத் தடகள அமைப்பு 1912ல் உருவானது. அதன் நிர்வாகக் குழுவுக்கு முதன்முதலாகப் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டது 1995ல். மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில், கனடாவின் ஆபி ஹாஃப்மன் என்ற இரண்டு பேர். இரண்டு பேரும் ஓட்டக்காரிகள். அதற்கு முன் 83 வருஷம் பெண் எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதை ஆண்கள் மட்டும் உட்கார்ந்து தீர்மானித்தார்கள். பஞ்சாயத்தில் நமக்கு இடமில்லாமல் நம்மைப் பற்றித் தீர்ப்பு எழுதியது போலத்தான்.

தூரத்தை அளந்ததோடும் அவர்கள் நிற்கவில்லை. ஓடுகிற உடம்பையும் அளந்தார்கள். 1966ல் புடாபெஸ்டில் அய்ரோப்பியப் போட்டிக்கு வந்த பெண்களை டாக்டர்கள் முன் உடையின்றி நிறுத்தி 'பெண்தானா' என்று பார்த்தார்கள். அப்போது தொடங்கிய சோதனை வேறு வேறு பெயர்களில் தொடர்ந்தது. குறுந்தூரப் பந்தயம் கடைசியாக நடந்த அதே 2006ன் டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற நம் புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தி சவுந்திரராஜனிடமிருந்து பதக்கத்தைப் பிடுங்கியது அந்தச் சோதனைதான். செங்கல் சூளைக் கூலிகளின் மகள். பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடியவர். 2025 செப்டம்பரிலிருந்து உலகப் போட்டிகளில் ஓட வரும் பெண்களுக்கு ஜீன் சோதனை என்று விதி வந்திருக்கிறது. ஆண்களுக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. 1928ல் 'உன்னால் ஓட முடியாது, ஏனென்றால் நீ பெண்' என்றார்கள். இப்போது 'இவ்வளவு நன்றாக ஓடுகிறாயே, நீ பெண்தானா' என்கிறார்கள். அளவுகோல் மட்டும் கை மாறவே இல்லை.

கடைசியாக நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளைக்காரனையும் உலக அமைப்பையும் திட்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போவது சுலபம். நம் கூட்டங்களில் என்ன நடக்கிறது? ஆண் தோழர்கள் ஆளுக்கு முக்கால் மணி நேரம் பேசி முடித்து, சனம் எழுந்து போகத் தொடங்குகிறபோது, 'இப்போது நமது பெண் தோழர் அய்ந்து நிமிடம் பேசுவார்' என்று அறிவிக்கிறோமே, அது என்ன பந்தயம்? குறுந்தூரம்தானே! சுவரொட்டி ஒட்டப் போகும் ராத்திரியில் 'நீ வேணாம்மா, தூரம் அதிகம்' என்கிறோமே, அந்தத் தூரத்தை அளந்தது யார்? போலீஸ் தடியடியில் முன்வரிசையில் நின்றவர் பெயரை மறுநாள் துண்டறிக்கையில் தேடினால், 'மற்றும் பெண்கள் பலர்'. எடித் மசாய் 'எவளோ ஒருத்தி' ஆனது மாதிரிதான்.

அணிக் கணக்கை மறுபடியும் நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் வருகிறவன் ஒருவனால் அணி ஜெயிப்பதில்லை. நான்காவது ஆள் எங்கே வருகிறாள் என்பதில்தான் இருக்கிறது. அவளை ஓடவே விடாமல் வைத்துவிட்டு நாம் எந்தக் கோப்பையை வாங்கப் போகிறோம்?

கேள்வி கேட்ட மாணவத் தோழருக்கு ஒரு செய்தி. பெரியவர்களுக்குத்தான் 10க்கு 10 வந்தது. 20 வயதுக்குக் கீழ் இன்னும் வரவில்லை. 2024ல் பெல்கிரேடில் பையன்கள் ஓடியது 8 கிலோமீட்டர், பெண் பிள்ளைகள் ஓடியது 6. உங்கள் வயதுப் பெண்கள், தோழர். உங்கள் வகுப்பில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற வயது. அந்த இரண்டு கிலோமீட்டரை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள், எதற்காகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கத் தொடங்கினால், இந்தத் தலையங்கத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று இனி கேட்க மாட்டீர்கள்.

அளந்து கொடுத்த தூரத்தை நன்றாக ஓடிக் காட்டுவது ஒரு வேலை. அதை எடித் மசாய்கள் செய்து காட்டிவிட்டார்கள். அளக்கிற கோலைப் பிடித்திருக்கிற கையைக் கேள்வி கேட்பது அடுத்த வேலை. அது நம்முடையது.

— ஆசிரியர் குழு